டேஷ்போர்டில் சும்மா கிடக்கும் பொத்தானுக்கு ஒரு வேலை

கீழ் வேரியண்ட் கார் வைத்திருப்பவர்கள் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், முழங்காலுக்கு நேர்மேலே ஒருதரம் பாருங்கள். மூன்று நான்கு சதுரங்கள் வரிசையாக இருக்கும். ஒன்றில் ஹெட்லைட்டை ஏற்றி இறக்கும் திருகு. மற்றதெல்லாம் வெறும் மூடி. சில கார்களில் மூடிக்குப் பதில் முழுப் பொத்தானே இருக்கும். அமுக்கினால் உள்ளே போகும், மறுபடி அமுக்கினால் வெளியே வரும், வேறொன்றும் நடக்காது. மேல் வேரியண்டுக்கும் கீழ் வேரியண்டுக்கும் டேஷ்போர்டு அச்சு ஒன்றுதான். நாம் காசு கொடுக்காத வசதிக்குக் குழி மட்டும் மிச்சம்.

என் காரில் அப்படிக் கிடந்தது ஃபாக் லேம்ப் பொத்தான். காரைக்குடி வெயிலில் யாருக்கு ஃபாக் லேம்ப் என்று சிரிப்பவர்கள் மார்கழி, தை மாதம் காலை ஐந்து மணிக்குக் குன்றக்குடி வழியாகத் திருப்பத்தூர் போய்ப் பார்க்க வேண்டும். ஊருக்குள் ஒன்றும் தெரியாது. கண்மாயை ஒட்டி ரோடு இறங்குகிற இடத்தில் குறுக்கே வேட்டி காயப்போட்டது மாதிரி மூட்டம் நிற்கும். தைப்பூசத்துக்கு முந்தைய நாட்கள் என்றால் அதே ரோட்டோரம் பழனிப் பாதயாத்திரைக்காரர்கள், வெயில் ஏறுமுன் தூரத்தைக் கழிக்க இருட்டிலேயே நடந்துகொண்டிருப்பார்கள். பச்சையும் காவியும் அந்த நேரத்தில் கண்ணில் படாத நிறங்கள். ஹை பீம் போட்டால் பனித்துளியில் பட்ட வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி வந்து ரோட்டோரத்தை மறைத்துவிடும். தாழ்வாகவும் அகலமாகவும் அடிக்கிற ஃபாக் லேம்ப் அந்த ஓரத்தைத்தான் காட்டும்.

ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க ஃபாக் லேம்ப்தான் உதாரணம். டிக்கி விளக்கு, காற்றடிக்கும் பம்பு, பின்சீட்டுக்காரர்களுக்கு ஃபோன் சார்ஜர் என்று நீங்கள் எதை மாட்டினாலும் முறை இதுதான். ஆம்பியர் கணக்கு மட்டும் மாறும். கையில் மல்டிமீட்டர் (வோல்ட், ஓம்ஸ் அளக்கும் கருவி) பிடித்துப் பழக்கமில்லாதவர்களையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

பொத்தானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது

வயர் வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன் செய்ய வேண்டியது இது. பொத்தான் என்றால் எல்லாம் ஒரே ஜாதி இல்லை.

சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, மூன்று நிமிடமாவது சும்மா இருங்கள். இந்த மூன்று நிமிடம் ஏர்பேகுக்காக. அதன் கண்ட்ரோல் பெட்டிக்குள் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். மஞ்சள் நிறக் கப்ளரோ (வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் செருகி) மஞ்சள் ஸ்லீவ் போட்ட வயரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக் வயர். அதில் மீட்டரும் வேண்டாம், டெஸ்ட் லேம்பும் வேண்டாம், விரலும் வேண்டாம். இந்தக் கட்டுரையில் கட்டளை என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

பேனலை நெம்ப இரும்பு ஸ்க்ரூடிரைவரை விடாதீர்கள், பிளாஸ்டிக்கில் பல் பதிந்துவிடும். காலாவதியான ஏ.டி.எம். கார்டு இரண்டை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து ஓரத்தில் நுழைத்தால் கிளிப் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். வெளியே வந்ததும் பின்பக்கம் பாருங்கள். மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, வெறும் மூடி. பின்னால் வயரும் இல்லை, ஒன்றும் இல்லை. இதில் கவலைப்பட எதுவுமில்லை. உங்கள் காரின் மேல் வேரியண்டுக்குரிய ஃபாக் லேம்ப் சுவிட்சை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டு வாங்கினால் அதே குழியில் கச்சிதமாக உட்காரும். புதிதின் விலை பிடிக்காவிட்டால் சென்னைப் புதுப்பேட்டை மாதிரி பழைய சாமான் சந்தையில் கிடைக்கும். கூடவே அதன் கப்ளரையும் ஒரு சாண் வயரோடு வெட்டித் தரச் சொல்லுங்கள். சுவிட்ச் கிடைப்பது சுலபம், கப்ளர் கிடைப்பதுதான் பாடு.

இரண்டாவது, சுவிட்சும் இருக்கும், பின்னால் வயரும் வந்திருக்கும், முன்னால் விளக்கு மட்டும் இருக்காது. சில கார்களில் வயர் பம்பர் வரைக்கும் போய் அங்கே கப்ளரைச் சுருட்டி டேப் போட்டு விட்டிருப்பார்கள். அப்படியானால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஃபியூஸ் பெட்டியில் ஃபாக் லேம்புக்கான ஃபியூஸும் ரிலேயும் இருக்கிறதா என்று மூடியில் உள்ள படத்தைப் பார்த்துச் சரிபாருங்கள். இடம் இருந்து பொருள் இல்லையென்றால் அவற்றைச் செருகினால் போதும், ஒரு வயரையும் வெட்ட வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் வில்லங்கம். புதிய கார்கள் பலவற்றில் பொத்தான் நேராக எதையும் எரிய வைப்பதில்லை. காரின் உடல்பாகங்களைக் கவனிக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஒரு சைகை அனுப்புகிறது, அவ்வளவுதான். கண்டுபிடிப்பது எப்படி? நாலு பொத்தானுக்கும் சேர்த்து ஒரே கப்ளர், அதில் மூன்றோ நாலோ மெல்லிய வயர் என்றால் சந்தேகப்படுங்கள். சுவிட்சைத் தனியே எடுத்து மீட்டரை ஓம்ஸில் வைத்து அமுக்கிப் பாருங்கள். நேரடி சுவிட்சாக இருந்தால் மீட்டர் ஏறக்குறைய சுழியம் காட்டும். அமுக்கும்போது சில நூறு ஓம்ஸ், வேறொரு பொத்தானுக்கு இன்னொரு எண் என்று மாறினால், அது சைகைப் பொத்தான். அந்த வயரில் 12 வோல்ட்டைக் கொடுத்தால் பெட்டி போய்விடும், அதன் விலையில் ஒரு பழைய மொபெட் வாங்கலாம். அந்த மாதிரி காரில் இருக்கிற பொத்தானை விட்டுவிட்டுப் பக்கத்து மூடிக்குழியில் தனி சுவிட்ச் போடுவதே வழி.

இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அமுக்கினால் உள்ளேயே நிற்கிறதா, விட்டதும் துள்ளி வெளியே வருகிறதா? நிற்பது நமக்கு வேண்டிய வகை. துள்ளுவது காலிங் பெல் வகை, அமுக்கியிருக்கும் வரைதான் வேலை செய்யும். அதற்கு ஒரு தடவை அமுக்கினால் ஆன், மறுதடவை ஆஃப் என்று பிடித்துவைக்கும் தனி ரிலே மாட்யூல் வேண்டும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

முதலாளி ஊரில், ஏஜண்டு ரங்கூனில்

சுவிட்சில் இரண்டு வயர், ஒன்று பேட்டரிக்கு, ஒன்று விளக்குக்கு. வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் மாட்டியிருக்கிறார்கள். இரண்டு 55 வாட் ஹாலஜன் பல்பு சேர்ந்தால் 110 வாட். அதை 12-ஆல் வகுத்தால் 9 ஆம்பியருக்கு மேல். டேஷ்போர்டுச் சுவிட்சின் உள்ளே இருப்பது நகம் அளவுத் தகடு. சில வாரம் தாங்கும். அப்புறம் பொத்தானைத் தொட்டால் சுடும். அப்புறம் வாடை வரும்.

அதனால்தான் ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் குட்டிப் பெட்டி. எங்கள் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. முதலாளி கானாடுகாத்தானில் முகப்பில் உட்கார்ந்திருப்பார். பணம் புழங்குவது ரங்கூனில், அங்கே உட்கார்ந்திருக்கும் ஏஜண்டு கையில். இங்கிருந்து போவது ஒரு கடுதாசி மட்டும். பொத்தான் அந்த முதலாளி, மெல்லிய வயர் கடுதாசி, பானட்டுக்குள் பேட்டரி பக்கத்தில் இருக்கும் ரிலே ஏஜண்டு. ரிலேக்குள் இருக்கும் காந்தச் சுருளை இயக்கத் தேவைப்படுவது சுமார் 0.15 ஆம்பியர். பொத்தான் ஆயுசுக்கும் அதைச் செய்யும். 9 ஆம்பியர் பாயும் தடித்த வயர் கார் உள்ளே வரவே வராது.

ஒரு நண்பர் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் வாங்கிய பித்தளைச் சுவிட்ச் ஒன்றைக் கொண்டுவந்து, இதைக் காரில் வைக்க முடியுமா என்றார். ரிலே இருந்தால் முடியும் என்றேன், ஏனென்றால் அதன் வழியே போகப்போவது அந்தச் சொற்ப மின்சாரம். ரிலே இல்லாமல் முடியாது. வீட்டுச் சுவிட்சில் எழுதியிருக்கும் ஆம்பியர் ஏ.சி.க்கானது. பேட்டரி தருவது டி.சி. அந்த எண்ணை இங்கே அப்படியே நம்பக் கூடாது. அவர் கடைசியில் அதைப் பூஜையறைக்கு வைத்துக்கொண்டார்.

வாங்கிக்கொள்ள வேண்டியவை

ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் 12 வோல்ட், 30 ஆம்பியர் ரிலே, நாலு கால் வகை என்று கேளுங்கள், சாக்கெட்டோடு. தடித்த பக்கத்துக்கு 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஆட்டோ வயர், சுவிட்ச் பக்கத்துக்கு 0.75 ஸ்கொயர் போதும். பேட்டரி அருகே மாட்டத் தண்ணீர் புகாத ஃபியூஸ் ஹோல்டர் ஒன்று, 15 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு. உள்ளே ஃபியூஸ் பெட்டியிலிருந்து எடுக்க ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் குழியில் செருகி இன்னொரு வயரைப் பிரித்தெடுக்கும் துண்டு) ஒன்று, 3 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸோடு. ரிங் லக் (வயர் நுனியில் நசுக்கிப் போல்ட்டில் மாட்டும் வளையம்), சூட்டில் சுருங்கும் ஸ்லீவ், வரிவரியான கருப்புக் குழாய், கேபிள் டை, துணி டேப்.

வீட்டு வயரிங்கில் மிஞ்சிய வயர் அலமாரியில் கிடக்கிறதே என்று எடுக்காதீர்கள். அதன் பி.வி.சி. உறை பெரும்பாலும் 70 டிகிரி வெப்பத்துக்கானது. சித்திரை மாதம் மதுரை போய்த் திரும்பிய காரின் பானட்டுக்குள் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு அது போதாது என்று தெரியும். சாதாரண இன்சுலேஷன் டேப்பும் அப்படித்தான். வெயிலில் நின்ற காருக்குள் அதன் பசை இளகி, சுற்று தானாகவே அவிழ்ந்து, கை வைத்தால் பிசுபிசுக்கும். துணி டேப் அவிழாது.

வயர் தடிப்பைப் பற்றி ஒரு கணக்கு. பேட்டரியிலிருந்து விளக்கு வரை 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 0.5 ஸ்கொயர் வயரில் 9 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே ஏறக்குறைய 1.3 வோல்ட் தேய்ந்துவிடும். 2.5 ஸ்கொயரில் கால் வோல்ட்தான். ஹாலஜன் பல்புக்கு வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும். பல்பு மங்கலாக இருக்கிறது என்று கூடுதல் வாட் பல்பு மாட்டுகிறவர்கள் பலருக்கு நோய் வயரில்தான். எல்.இ.டி. ஃபாக் லேம்ப் என்றால் ஜோடிக்கு 40 வாட் அளவில் வரும், 3 ஆம்பியர் சொச்சம். அதற்கு 1 ஸ்கொயரும் 5 ஆம்பியர் ஃபியூஸும் போதும்.

ஃபியூஸ் காப்பாற்றுவது விளக்கை அல்ல, வயரை. அதனால் வயரின் தாங்குதிறனைவிடச் சிறியதாகவும், விளக்கு இழுப்பதைவிட ஒன்றரை மடங்கு அளவில் பெரியதாகவும் இருக்க வேண்டும். நமக்கு 15. நிறம் நீலம். 10 சிவப்பு, 20 மஞ்சள், 30 பச்சை. நிறம் நினைவிருந்தால் மங்கல் வெளிச்சத்திலும் மாற்றிவிடலாம்.

நாலு கால், நாலு எண்

ரிலேயின் அடியில் ஒவ்வொரு காலுக்குப் பக்கத்திலும் எண் பொறித்திருக்கும். 30 என்பது மின்சாரம் வந்து நிற்கும் வாசல், பேட்டரி பிளஸ் ஃபியூஸ் வழியாக இங்கே வரும். 87 வெளியே போகும் வாசல், விளக்குகளுக்கு. 86, 85 இரண்டும் சுருளின் முனைகள், 86-க்கு சுவிட்சிலிருந்து வரும் வயர், 85-க்கு பாடி எர்த், அதாவது காரின் உலோக உடலோடு இணைப்பு.

கடைக்காரர் ஐந்து கால் ரிலே கொடுத்துவிட்டால் நடுவில் 87ஏ என்று ஒன்று இருக்கும். ரிலே தூங்கும்போது அதில் மின்சாரம் இருக்கும், விழித்தால் போய்விடும். விளக்கை அதில் மாட்டினால் பொத்தானை ஆஃப் செய்ததும் எரியும், ஆன் செய்ததும் அணையும். அதை ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுங்கள், ஆனால் மேலே ஸ்லீவ் போட்டு மூடுங்கள்.

சுருள் அணையும் கணத்தில் எதிர்த்திசையில் ஒரு உதை வரும். சில பத்து வோல்ட் இல்லை, நூறைத் தாண்டியும் போகும். பழைய கார்களில் யாரும் கவலைப்பட்டதில்லை. கம்ப்யூட்டர் நிறைந்த இன்றைய கார்களில் 86-க்கும் 85-க்கும் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் குட்டிச் சாமான்) வைப்பது நல்லது. கோடு போட்ட முனை 86 பக்கம். திருப்பி வைத்தால் சுவிட்ச் ஃபியூஸ் உடனே போய்விடும், அதனால் தவறு தானே தெரிந்துவிடும். டயோடு உள்ளேயே வைத்த ரிலேயும் விற்கிறார்கள், அதில் 86, 85 இடம் மாறக் கூடாது.

சுவிட்சின் கால்களைக் கண்டறிதல்

கடையில் வாங்கிய சுவிட்சுக்கு நாலு முதல் ஆறு கால் இருக்கலாம். எது எது என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். மீட்டரை 'பீப்' சத்தம் வரும் இடத்தில் வைத்து இரண்டிரண்டு கால்களாகத் தொட்டுப் பாருங்கள். பொத்தான் உள்ளே இருக்கும்போது மட்டும் கத்துகிற ஜோடிதான் நமக்கு வேண்டிய சுவிட்ச். மற்றவை உள்ளே இருக்கும் குட்டி விளக்குகளுக்கு. மீட்டரை டயோடு குறியில் வைத்துத் தொட்டால், எல்.இ.டி.யாக இருந்தால் ஒரு திசையில் மட்டும் மினுக்கென்று எரியும். சிவப்பு முள் இருக்கும் பக்கம் பிளஸ்.

குட்டி விளக்குகளில் ஒன்று இரவில் பொத்தான் இருக்குமிடம் தெரிவதற்கு, அதை பார்க் லைட் வயரோடு சேர்க்கலாம். மற்றது ஃபாக் லேம்ப் எரிகிறது என்று காட்டுவதற்கு, சுவிட்சின் வெளிப்பக்கக் காலோடு. சேர்க்குமுன் இன்னொரு காரில் அதே சுவிட்சுக்கு வரும் வோல்டேஜைப் பார்க்க முடிந்தால் பாருங்கள். உள்ளே ரெசிஸ்டர் இல்லாத வெறும் எல்.இ.டி.க்கு 12 வோல்ட் கொடுத்தால் ஒரு நொடிதான். சந்தேகம் இருந்தால் குட்டி விளக்கையே விட்டுவிடுங்கள். பொத்தான் எங்கே இருக்கிறது என்று ஒரு வாரத்தில் விரலுக்கே தெரிந்துவிடும்.

எந்த ஃபியூஸிலிருந்து எடுப்பது

இந்த இடத்தில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். சுவிட்சுக்கு வரும் மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்று யோசிக்காமல், எப்போதும் மின்சாரம் இருக்கும் ஃபியூஸிலிருந்து எடுத்துவிட்டேன். மாட்டி இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு தேவகோட்டையில் ஒரு கல்யாணம். அதிகாலை முகூர்த்தம், போகும்போது மூட்டம், ஃபாக் லேம்ப் போட்டேன். மண்டபம் சேரும்போது நல்ல வெயில், எரிவது தெரியவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பலகாரம், பேச்சு, மதியச் சாப்பாடு, தாம்பூலம் எல்லாம் முடித்து வந்து சாவியைத் திருப்பினால் கார் இருமக்கூட இல்லை. சின்னக் காரின் பேட்டரி 35 ஆம்பியர் மணி. மணிக்கு 9 வீதம் நாலு மணி நேரத்தில் துடைத்துவிட்டது. பட்டுவேட்டியோடு நாலு சம்பந்திகள் தள்ளித்தான் கார் கிளம்பியது.

மறுநாள் எங்கள் தெரு ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் சொன்னபோது அவர் தலை நிமிராமலே கேட்டார்: "தம்பி, சாவியோட போற லைன்ல எடுத்தியா, சாவி இல்லாத லைன்ல எடுத்தியா?"

"அதுல என்னண்ணே வித்தியாசம்?"

"நேத்து தள்ளுனாங்கள்ல, அதான் வித்தியாசம்."

ஆக, சாவியை ஆனில் வைத்தால் மட்டும் உயிர் வரும் ஃபியூஸைக் கண்டுபிடியுங்கள். பேட்டரியை மறுபடி இணைத்து, மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, கருப்பு முள்ளைப் பாடியிலும் சிவப்பு முள்ளை ஃபியூஸின் தலையில் தெரியும் புள்ளியிலும் வையுங்கள். சாவி இல்லாமல் சுழியம், சாவி ஆனில் 12 என்று வருவது நமக்கானது. பின்பக்க வைப்பர், கண்ணாடி ஏற்றும் மோட்டார் போன்றவற்றின் ஃபியூஸ் ஏற்றவை. ஏர்பேக், ஏ.பி.எஸ்., இன்ஜின் கம்ப்யூட்டர் ஃபியூஸ் பக்கமே போகாதீர்கள்.

ஃபியூஸ் டேப்பைச் செருகுவதிலும் ஒரு திசை உண்டு. பழைய ஃபியூஸை எடுத்துவிட்டு, அந்தக் குழியின் இரண்டு பக்கத்தில் எதில் மின்சாரம் வருகிறது என்று மீட்டரால் பாருங்கள். டேப்பின் இரண்டு காலில், இரண்டு ஃபியூஸுக்கும் பொதுவான கால் அந்தப் பக்கம் போக வேண்டும். திருப்பிச் செருகினாலும் வேலை செய்யும், ஆனால் நம் மின்சாரமும் பழைய ஃபியூஸ் வழியாகவே போய் அதன் மேல் சுமையேற்றும். ஃபியூஸின் அளவும் பார்த்து வாங்குங்கள். பெரிது, மினி, குட்டை மினி என்று பல உண்டு. பொருந்தாததை அழுத்திச் செருகினால் குழி விரிந்து, நாளைக்கு வேறு ஏதோ விட்டு விட்டு வேலை செய்யும்.

கம்பெனிக்காரர்கள் பொதுவாக ஃபாக் லேம்பை பார்க் லைட்டோடு இணைத்திருப்பார்கள். பார்க் லைட் போட்டால்தான் அது எரியும். அப்படியும் செய்யலாம். ஆனால் பார்க் லைட் சாவி இல்லாமலும் எரியும் என்பதால், கல்யாணத்துக்குப் போகிற ஆளான எனக்கு சாவி லைன்தான் சரி.

மாட்டும் வரிசை

பேட்டரி மைனஸை மறுபடி கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். விளக்குப் பக்கத்திலிருந்து வருவது நல்லது, பேட்டரி பிளஸ் கடைசியில்.

பம்பரில் விளக்கு உட்காரும் விதம் காருக்குக் கார் மாறும். கிட்டோடு வரும் ஃப்ரேமும் போல்ட்டும் சரியாக இருந்தால் அரைமணி வேலை. இரண்டு விளக்கின் பிளஸ்ஸையும் ஒன்றாக்கி 87-க்குக் கொண்டுவாருங்கள். மைனஸ்களை பக்கத்திலுள்ள பாடி போல்ட்டில் கட்டுங்கள், பெயிண்டைச் சுரண்டி உலோகம் தெரிந்த பிறகு. ஈயம் பூசிய ரிங் லக்காக இருக்கட்டும். வெறும் செம்பும் இரும்பும் ஈரத்தில் ஒட்டி இருந்தால் அது ஒரு குட்டிப் பேட்டரி, அதில் தின்னப்படுவது இரும்பு. காரைக்குடிக்காரர்களுக்கு இது புதுப் பாடம் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி என்கிற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் உலோக அரிப்பே ஒரு தனித் துறை. போல்ட்டை முடுக்கிய பிறகு மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். தொண்டிப் பக்கம் கடற்கரை ரோட்டில் அடிக்கடி போகிறவர்கள் தாராளமாகவே தடவலாம்.

எர்த்தை நேராக பேட்டரியின் மைனஸ் முனையில் கட்டாதீர்கள். இப்போது பல கார்களில் அந்த முனையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. பேட்டரிக்குள் எவ்வளவு வருகிறது, போகிறது என்று எண்ணுவது அதன் வேலை. நம் வயர் அதைத் தாண்டிக் கட்டினால் கணக்குப் பிசகும். பாடிதான் சரியான இடம்.

ரிலேயை பேட்டரிக்குப் பக்கத்தில் பாடியில் முடுக்குங்கள், கால்கள் கீழே பார்க்கும்படி. மேலே பார்த்தால் ஐப்பசி மழையில் சாக்கெட் கிண்ணமாகிவிடும். 30-க்குப் போகும் வயரில் ஃபியூஸ் ஹோல்டர் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவே உள்ள வயருக்குக் காவல் யாருமில்லை. அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஃபியூஸை இப்போது போடாதீர்கள்.

இனி 86-க்கான மெல்லிய வயர் பானட்டிலிருந்து கார் உள்ளே போக வேண்டும். புதுத் துளை போடாதீர்கள். ஏற்கெனவே வயர்க்கட்டு போகும் ரப்பர் மூடி ஒன்று ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் நமக்கும் நடுவே உள்ள தகடு) இருக்கும், பானட் திறக்கும் கேபிளோ கிளட்ச் கேபிளோ போகும் ரப்பரும் உதவும். அதன் ஓரத்தில் நுழைக்கக் கம்பியை விட்டால் உள்ளே எதன் உறையைக் கிழிக்கும் என்று தெரியாது. நான் பயன்படுத்துவது தென்னந்துடைப்பத்து ஈர்க்குச்சி. வளையும், குத்தாது, மின்சாரம் கடத்தாது. அதன் நுனியில் வயரை டேப்பால் ஒட்டி மெல்லத் தள்ளினால் பெடலுக்கு மேலே தலை நீட்டும். ரப்பரைச் சுற்றி சிலிகான் வையுங்கள், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கும்.

உள்ளே வந்த வயர் பெடலுக்கோ ஸ்டியரிங் தண்டுக்கோ பக்கத்தில் தொங்கக் கூடாது. ஒரு சாணுக்கு ஒரு டை வீதம் ஏற்கெனவே உள்ள வயர்க்கட்டோடு கட்டுங்கள். பிறகு சுவிட்சின் ஒரு காலில் இந்த வயர், இன்னொரு காலில் ஃபியூஸ் டேப்பிலிருந்து வரும் வயர். உள்வேலை இவ்வளவுதான்.

இணைப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு வயரையும் சீவி, முறுக்கி, டேப் சுற்றுவது காரில் செல்லாது. அதிர்வில் தளரும். லக் வைத்து இடுக்கியால் நன்றாக நசுக்கி, இழுத்துப் பார்த்து, மேலே ஸ்லீவைச் சுருக்குங்கள். இழுத்தால் வருகிற இணைப்பு இன்றைக்கே வரட்டும். கம்பெனி வயரில் எதையும் வெட்டவோ குத்தவோ செய்யாதீர்கள். வாரண்டி இருக்கும் காரில் வெட்டிய வயர்தான் சர்வீஸ் சென்டரின் கண்ணில் முதலில் படும்.

சோதனை

பேட்டரி முனைகளை இணையுங்கள். முதலில் சுவிட்ச் பக்கத்துச் சின்ன ஃபியூஸை மட்டும் போட்டு, சாவியை ஆன் செய்து பொத்தானை அமுக்குங்கள். பானட்டிலிருந்து 'டிக்' கேட்க வேண்டும். கேட்டால் 15 ஆம்பியர் ஃபியூஸைப் போடுங்கள். இப்போது எரியும்.

'டிக்' கேட்கவே இல்லையென்றால் பிழை மெல்லிய வயர் பக்கம். 86-ல் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வந்தால் 85-ன் எர்த் சரியில்லை, வராவிட்டால் சுவிட்ச் அல்லது ஃபியூஸ் டேப். 'டிக்' கேட்டு விளக்கு எரியாவிட்டால் தடித்த பக்கம். 30, 87, விளக்கின் எர்த் என்று அந்த வரிசையில் மீட்டரை வையுங்கள். ஒரு விளக்கு மட்டும் மங்கலாக எரிந்தால் பந்தயம் கட்டிச் சொல்லலாம், அதன் எர்த்தில் பெயிண்ட் சரியாகச் சுரண்டப்படவில்லை. பத்து நிமிடம் எரியவிட்டு ரிலே, ஃபியூஸ் ஹோல்டர், இணைப்புகள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் அங்கே நசுக்கியது போதவில்லை.

விளக்கின் உயரத்தைச் சரிசெய்யாமல் ரோட்டில் இறங்காதீர்கள், எதிரில் வருபவர் உங்கள் குலத்தையே வாழ்த்துவார். சமதரையில் காரைச் சுவருக்கு 25 அடி தள்ளி நிறுத்துங்கள். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள் நம் ஊரில் ஏராளம் என்பதால் நீளச் சுவருக்குப் பஞ்சமில்லை. விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதைச் சுவரில் சாக்பீஸால் குறித்து, அதற்கு 4 அங்குலம் கீழே இன்னொரு கோடு போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கீழ்க்கோட்டில் நிற்க வேண்டும். சாக்பீஸ் கோட்டை அழித்துவிட்டு வாருங்கள், சுவருக்குரிய ஆச்சி பார்ப்பதற்குள்.

இதே முறையில் ஹாரன் மாட்ட நினைப்பவர்களுக்கு: இரண்டாவது ஹாரன் சரி, பாட்டுப் பாடும் பல சுர ஹாரன் வேண்டாம். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆம் விதி அதைத் தடுக்கிறது. காற்றடிக்கும் பம்பு 10 ஆம்பியரைத் தாண்டி இழுக்கும், அதன் மேலே எழுதியிருப்பதைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். ஃபோன் சார்ஜர், டேஷ்கேம் போன்ற 2 ஆம்பியர் சாமான்களுக்கு ரிலே தேவையில்லை, ஃபியூஸ் டேப்பும் சுவிட்சும் போதும்.

பேனலை மூடுவதற்கு முன் கிளிப்புகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் டேஷ்போர்டுக்குள் எங்கேயோ விழுந்திருக்கிறது, அது ஆவுடையார்கோயில் போய் வருவதற்குள் கிடுகிடுத்தே கழுத்தை அறுத்துவிடும். ஒரு துண்டுத் தாளில் எந்த ஃபியூஸிலிருந்து எடுத்தீர்கள், ரிலே எங்கே இருக்கிறது, எந்த நிற வயர் எங்கே போகிறது என்று படம் போட்டு, ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். நான் பென்சிலால் எழுதினேன், மூன்று வருடம் கழித்தும் படிக்க முடிகிறது. பக்கத்தில் பால்பாயிண்டில் எழுதிய வரி வெயிலில் வெளுத்துவிட்டது.